சின்னவள் பிள்ளைக்கு டயபர்

சந்தைத் தெருவில் கோழிக்கறிக் கடை வைத்திருந்த பெரியவளைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். எலும்பு சிதறாமல் கறி வெட்ட அவளை விட்டால் ஆள் இல்லை என்பார்கள் வாடிக்கைக்காரர்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் மட்டும் குரலைத் தாழ்த்தி, "அந்தம்மாகிட்ட வம்பு வச்சுக்காதீங்க, வாய்க்கு முன்னாடி கை பேசிடும்" என்பார்கள்.

அது பொய்யில்லை. அவளுக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் ஆகியிருந்தது. டீ ஆறிப்போய்விட்டது என்று கட்டினவன் ஒரு நாள் அவள் கன்னத்தில் அறைந்தான். கோழிக்கூண்டு தூக்கிப் பழகிய கையால் அவளும் திருப்பி ஒன்று விட்டாள். அவனுக்கு ஒரு பக்கக் காது அன்றைக்குப் போனதுதான், திரும்பி வரவில்லை. இரு வீட்டாரும் கூடிப் பேசினார்கள். யார் முதலில் அடித்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கட்டினவனையே அடித்தவள் என்ற பெயரோடு அவள் அப்பா வீட்டுக்குத் திரும்பினாள். அப்பா அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. மறுநாள் காலையில் கத்தியைத் தீட்டி அவள் பக்கம் நகர்த்தி வைத்து, "கடைக்கு வா" என்றார். அவர் போன பிறகு கடை அவளுடையதானது.

விடிந்ததும் வண்டி வந்து கூண்டுகளை இறக்கிவிட்டுப் போகும். இறக்கையைச் சேர்த்துப் பிடித்துக் கோழியைத் தலைகீழாகத் தகரக் கூம்புக்குள் இறக்கி, வெளியே நீளும் கழுத்தில் ஒரே இழுப்பு. ரத்தம் கீழே பீப்பாய்க்குள் போகும். உள்ளே கால்கள் அடித்துக்கொள்கிற சத்தம் அடங்கும்வரை அவள் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் கொதிநீர், இறகு உரிக்கிற எந்திரம், வெட்டுக்கட்டை. மாலையில் கட்டையைச் சுரண்டி, தரையைக் கழுவி, முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை போகாது.

அவளுக்கு ஒரே தங்கை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். துணி தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிற வேலை. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்வாள். கோழி அறுப்பதைப் பார்க்க மாட்டாள், கறியை மட்டும் ரசித்துச் சாப்பிடுவாள். "நீ அறுக்கிறது பாவம், நான் சாப்பிடறது பாவமில்ல, கணக்கு சரிதானே?" என்று அக்காவைச் சீண்டுவாள். கம்பெனிக்குத் தண்ணீர் கேன் போடவந்த வண்டிக்காரன் ஒருவனைப் பிடித்துப்போய், அவனையே கட்டிக்கொண்டாள். ஆள் பார்க்க லட்சணமாக இருந்தான். பேச்சில் தேன் ஒழுகும். பெரியவளைப் பார்த்தால் எழுந்து நின்று, "வாங்கக்கா, உக்காருங்கக்கா" என்பான்.

முதல் வருஷத்திலேயே சின்னவளின் புருவத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது.

"என்னடி இது?"

"கதவு இடிச்சிடுச்சுக்கா."

கொஞ்ச நாள் கழித்துக் கன்னத்தில் விரல் விரலாகத் தடம். அதற்கும் கதவுதான்.

"ஏண்டி, உங்க வீட்டுக் கதவுக்கு மட்டும் கை முளைச்சிருக்கா?"

சின்னவள் வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சிரிக்கவில்லை.

உதடு கிழிந்து தையல் போட்டுக்கொண்டு வந்து நின்ற அன்றைக்குப் பெரியவள் கடையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பினாள். தண்ணீர் கேன் நிரப்புகிற கூடத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்திருந்தவனைச் சட்டையோடு பிடித்து இழுத்துக் கீழே தள்ளினாள். கேன் கழுவுகிற தொட்டிவரை தரதரவென்று இழுத்துப்போய்த் தலையைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள். கால்கள் தரையில் அடித்துக்கொண்டன. வெளியே இழுத்து மூச்சு வாங்கவிட்டு மறுபடியும் அமுக்கினாள்.

"இனி ஒரு தடவ அவ மேல கை பட்டுது, உன்ன இந்தத் தொட்டியிலயே ஊற வச்சிடுவேன்."

கூட இருந்த வண்டிக்காரர்கள் தடுக்க வரவில்லை. ஒருத்தன் விசில் அடித்தான், மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நெஞ்சு நிறைந்த திருப்தியோடு அவள் கடைக்குத் திரும்பினாள்.

அந்தச் சிரிப்புக்கான கூலியைச் சின்னவள்தான் வாங்கினாள். அதன் பிறகு அவன் அவள் முகத்தைத் தொடவே இல்லை. துணி மறைக்கிற இடமாகப் பார்த்து அடித்தான். முதுகு, விலா, தொடை. முகம் பளிச்சென்று இருந்ததைப் பார்த்து, சொன்ன புத்தி ஏறிவிட்டது என்று பெரியவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

சின்னவளுக்கு எட்டாம் மாதம் நடந்தது. பட்டப்பகலில் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. "சீக்கிரம் வாங்கக்கா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க, படியெல்லாம் ரத்தமா இருக்கு" என்று அழுதாள். பெரியவள் அங்கே வந்து சேர்ந்தபோது சின்னவளைத் தள்ளுபடுக்கையில் வைத்து ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அக்காவின் கையைப் பிடித்தாள். வெட்டுக்கட்டையிலிருந்து ஓடிவந்த கை, அதில் கோழி ரத்தம் காய்ந்திருந்தது. சின்னவளின் கையிலும் ரத்தம்தான்.

"இந்தத் தடவ கதவு இல்லக்கா" என்றாள்.

வயிற்றில் உதைத்திருந்தான். ஒரு உதையோடு நிறுத்தவில்லை. குழந்தையை எடுத்துவிட்டார்கள். ரத்தம் நிற்கவில்லை. பொழுது சாய்வதற்குள் சின்னவள் போய்ச் சேர்ந்தாள். ஆஸ்பத்திரி வாசல்வரை கூட வந்த புருஷன், விஷயம் காதில் விழுந்ததும் வண்டியைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டான். போலீஸ் வந்து எல்லாரிடமும் விசாரித்துவிட்டு, பார்த்தால் சொல்லுங்கள் என்றது.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. இறகு உரித்த காடைக்குஞ்சு போல இருக்கிறது என்று பெரியவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய மாத்திரத்தில் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டாள். அந்த வார்டு நர்ஸ் பருத்த உடம்புக்காரி, குரல் அதைவிடப் பருத்தது.

"பிள்ளைய யாரு வாங்கிக்கப் போறீங்க?"

"நான்தான்."

"பிள்ள வளர்த்திருக்கீங்களா?"

"தங்கச்சிய வளர்த்தேன்" என்று சொல்லவந்து, சொல்ல முடியாமல், "இல்ல" என்றாள்.

"சரி, அழுதது போதும், வேலையப் பாருங்க. கீழ போய் டயபர் வாங்கிட்டு வாங்க. ரொம்பச் சின்ன சைஸா."

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்து வைத்தார். அட்டையில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. "எல்லாம் ஒண்ணுதாங்க. ரப்பர் இருக்கு, எந்தப் பிள்ளைக்கும் இழுத்துக் குடுக்கும்" என்றார். கோழி வாங்க வருகிறவர்களிடம் அவளும் அப்படித்தான் சொல்வாள் என்பதால் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நர்ஸ் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன, இவளுக்கு ஜிப்பாவா? கழுத்துவரைக்கும் வரும் போலிருக்கே!" என்றாள்.

திரும்ப ஓடினாள். இந்த முறை இரண்டு பக்கமும் ஒட்டுகிற வகை, அந்தக் கடையில் இருந்ததிலேயே சிறியது. இறுக்கி ஒட்டினால் இடுப்பில் நின்றது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், முன்விளிம்பு மேலே ஏறித் தொப்புள்கொடியின் காய்ந்த முனையில் உரசி, அங்கே ரத்தம் கசிந்திருந்தது. கடுகளவு ரத்தம். நாளெல்லாம் பீப்பாய் பீப்பாயாக ரத்தம் பார்க்கிறவள் அவள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸ் அவளை ஒரு கையால் தூக்கி நிறுத்தி, மறு கையால் டயபரின் முன்பக்கத்தைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் காட்டினாள்.

"இப்படி மடிக்கணும். மயக்கம் போட்டு விழறதெல்லாம் அப்புறம் வச்சுக்குங்க."

குழந்தை கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்த பிறகு அடுத்த சோதனை. தெருவிலுள்ள மளிகைக் கடைக்காரர், "இத வாங்கிப் பாருங்கக்கா, ரோஜாப்பூ வாசனை வரும். கடையில கோழி நாத்தத்துக்கும் நல்லது" என்று ஒரு பாக்கெட்டைக் கொடுத்தார். உண்மையிலேயே மணந்தது. தன் மேல் வீசுகிற வாடை பிள்ளைக்கு வேண்டாம் என்று அவள் அதையே மாட்டினாள். சில நாட்களில் பிள்ளையின் தொடை இடுக்கும் பின்பக்கமும் சிவந்து, தடித்து, தோல் வழன்றுவிட்டது. தண்ணீர் பட்டால் வீறிட்டது. கொதிநீரில் முக்கி எடுத்த கோழியின் தோல் எப்படிக் கையோடு வரும் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் கடை திறக்கவில்லை. ரோஜாப்பூ பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய் மளிகைக் கடை வாசலில் விசிறியடித்தாள். சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் விலகி ஓடினார்கள். மளிகைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

நர்ஸ் போனிலேயே திட்டினாள். "வாசனை போட்ட எதையும் கிட்ட சேர்க்காதீங்க. வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சு நனைச்சு ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. நல்லா காத்தாட விடுங்க. பழைய பருத்தித் துணி இருக்கா?"

இருந்தது. சின்னவளின் இரவு உடைகள் இரண்டு, துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆனவை. கிழிக்கும்போது பெரியவள் வாய்விட்டு அழுதாள். ஆனால் சதுரம் பிசகாமல் கிழித்தாள். புண் ஆறியது.

துணியிலேயே ஓட்டியிருக்கலாம். ஆனால் கடை இருந்தது. பிள்ளையைத் தடுப்புக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டியில் படுக்க வைத்துவிட்டுத்தான் கறி வெட்டினாள். துணி நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். முழங்கைவரை ரத்தமும் கொழுப்புமாக நிற்கிறவள் ஒவ்வொரு தடவையும் கழுவித் துடைத்து ஓடுவதற்குள் அது நனைந்து கிடந்து கத்தும். ஆறின புண் மறுபடி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வாசனை இல்லாமல், தொப்புளை உரசாமல், அந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று வேண்டும். "பெரிய ரோட்டுல பெரிய மருந்துக்கடை இருக்குல்ல, அங்க குறைமாசப் பிள்ளைக்குன்னு கேளுங்க. எத்தன மாசம்னு பாக்காதீங்க, எடையப் பாருங்க" என்றாள் நர்ஸ்.

இதற்கிடையில் வண்டிக்காரனின் அண்ணன் கடைக்கு வந்தான். ஆள் நல்ல மாதிரியாகத்தான் பேசினான். "நடந்தது நடந்துபோச்சு. தம்பி செஞ்சது தப்புதான். அவன் சரணடையறப்ப பிள்ளை அப்பன் பக்கம் இருந்தா கோர்ட்டுல கொஞ்சம் இரக்கம் பாப்பாங்கன்னு வக்கீல் சொல்றாரு. நீங்களும் பெருசா எதுவும் சொல்லாம இருந்தீங்கன்னா…" அவன் முடிக்கவில்லை. கோழி அலசிய வாளித் தண்ணீர் தலையிலிருந்து கால்வரை அவன் மேல் இறங்கியது. ஒரு குடல் துண்டு தோளில் தொங்க, அவன் தெருவோடு போனதைச் சந்தையே பார்த்தது.

அந்த வாரமே ஒரு மத்தியானம், பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் பெரிய மருந்துக்கடைக்குப் போனாள். குளுகுளுவென்று இருந்த இடம். ஒரு சுவர் முழுக்க டயபர் பாக்கெட்டுகள். எதை எடுப்பது என்று புரியாமல், யாரை அடிப்பது என்று புரியாதவள் போல நின்றாள். கவுண்டருக்குப் பின்னாலிருந்த பெண் எழுந்து வந்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவளாம்.

"எத்தன கிலோ இருக்கா?"

பெரியவள் பிள்ளையை உள்ளங்கையில் ஏந்தி ஒரு முறை மேலும் கீழும் அசைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தராசு வேணாமா?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"கோழிக்கடைம்மா. கைக்குத் தெரியும்."

அந்தப் பெண் கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். முன்பக்கத்தில் தொப்புளுக்காகப் பிறைபோல வெட்டியிருந்தது. பெரியவள் மோந்து பார்த்தாள், வாசனை இல்லை. நடுவில் மஞ்சள் கோடு, நனைந்தால் நீலமாகுமாம். "போட்டதும் தொடையில இந்தச் சுருக்கத்த வெளிய இழுத்து விடுங்க. உள்ள மடிஞ்சா வெட்டும், ஒழுகும். இடுப்புல ஒரு விரல் தாராளமா போகணும்" என்று சொல்லி, பிள்ளையை மேசையில் கிடத்தி மாட்டியே காட்டினாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பெரியவள் விரலை விட்டுப் பார்த்தாள். போனது. சின்னவள் போன பிறகு முதன்முறையாக அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என் பிள்ளைய குடு."

குரல் முதுகுக்குப் பின்னால் கேட்டது. தாடி வளர்ந்து, கண் சிவந்து, வண்டிக்காரன் நின்றுகொண்டிருந்தான். சந்தையிலிருந்தே பின்தொடர்ந்து வந்திருக்கிறான்.

"கத்தி இல்லாம வந்திருக்க போல" என்றான். "குடுத்துட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்."

பெரியவள் பிள்ளையை எடுத்துக் கவுண்டர் பெண்ணின் கையில் வைத்து, "உள்ள போய்க் கதவச் சாத்திக்கம்மா" என்றாள். அவன் பாய்ந்தான். பிள்ளையின் ஒரு கால் அவன் பிடியில் சிக்கியது. பெரியவள் குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பு பல்லில் படும்வரை கடித்தாள். அவன் அலறிக்கொண்டு விட்டான். அந்தப் பெண் பிள்ளையோடு உள்ளே ஓடித் தாழ் போட்டுக்கொண்டாள்.

அவன் முஷ்டி பெரியவளின் தாடையில் இறங்கியது. டயபர் அடுக்கின் மேல் சாய்ந்தாள். அடுக்கு அவள் மேல் சாய்ந்தது. பாக்கெட்டுகளுக்கு நடுவில் கிடந்தவளின் இடுப்பில் உதைத்தான். அந்த உதையில்தான் அவளுக்குத் தங்கையின் வயிறு நினைவுக்கு வந்தது. இதே காலால்தான், இதே மாதிரிதான். அவன் மருந்து பாட்டில் ஒன்றை மேசை விளிம்பில் தட்டி உடைத்து, குத்த வந்தான். இடக்கையால் தடுத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்தது. கை அவளுடைய சொல்லைக் கேட்காமல் தொங்கியது. ரத்தம் வெள்ளைத் தரையில் கொட்டியது.

வலக்கைக்கு அகப்பட்டது ஒரு பால்மாவு டின். பெரிய டின், நிறைந்த டின். அதை வீசவில்லை. எழுந்து, கிட்டே போய், அவன் மூக்கின் மேல் நேராக இறக்கினாள். கோழித் தொடையில் மூட்டு விட்டுக்கொடுக்கிற அதே சத்தம். அவன் மல்லாந்தான். அவன் நெஞ்சில் உட்கார்ந்தாள். டின் மேலே போனது, கீழே வந்தது. பல் தெறித்தது. மூடி பிய்த்துக்கொண்டு பால்மாவு புகையாகக் கிளம்பி அவன் முகத்து ரத்தத்தில் ஒட்டியது. அவன் கையைத் தூக்கிக் கும்பிட்டான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே அடித்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது; அதுவும் அவள் காதில் விழுந்தது. அப்போதும் கை நிற்கவில்லை. கடைக் காவலாளியும் மாத்திரை வாங்கவந்த இரண்டு பேரும் சேர்ந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இழுக்க வேண்டியிருந்தது. விட்டிருந்தால் கொன்றிருப்பாள். அவளுக்கு இரக்கம் வந்து நின்றது என்று பின்னால் சிலர் சொன்னார்கள். அப்படி ஒன்றும் வரவில்லை. இழுத்துப் பிடித்த அந்தக் காவலாளியின் மேல் அவளுக்கு வெகுநாள் கோபம் இருந்தது.

போலீஸ் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. அவளுக்குக் கையில் தையல் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் கடைக் காமிராவில் பதிவானதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"உங்க மேல தப்பு இல்லம்மா, அவன்தான் வந்திருக்கான். ஆனா அவன் கும்பிட்ட பிறகு நீங்க போட்ட அடி… அது தேவையில்லம்மா."

"எனக்குத் தேவைப்பட்டுச்சு சார்" என்றாள் பெரியவள்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கோர்ட்டில் கேள்வி வேறு மாதிரி வந்தது. அப்பன் சிறையில், சரி. ஒரு மனுஷனின் முகத்தையே உடைத்த பெண்ணிடம் பிள்ளையை விடலாமா? குழந்தைகள் நல அதிகாரி வீட்டுக்கு வந்தார். கண்ணாடி போட்ட, மெதுவாகப் பேசுகிற அம்மாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், பால் பாட்டிலை மோந்து பார்த்தார். பிறகு எதிரில் உட்கார்ந்து கேட்டார்.

"பிள்ளை ராத்திரி பூரா அழுதுன்னு வைங்க. தூக்கம் இல்ல. கோபம் வரும். அப்ப என்ன செய்வீங்க?"

பெரியவள் யோசித்தாள். நல்லபடியாக ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வந்துச்சு மேடம், ஒரு நாள். பெட்டியில படுக்க வச்சிட்டு வெளிய போய்க் கதவுப் பக்கத்துச் சுவத்துல குத்தினேன். பாருங்க, அங்க காரை பேந்திருக்கும். அப்புறம் உள்ள வந்து தூக்கிக்கிட்டேன்."

அதிகாரி எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தார். "அவன் வெளிய வந்து மறுபடியும் உங்க வாசல்ல நின்னா?"

"அடிப்பேன்."

"போலீஸக் கூப்பிட மாட்டீங்களா?"

"கூப்பிடுவேன் மேடம். அவங்க வர்றவரைக்கும் அடிப்பேன்."

அந்த நேரத்தில் பிள்ளை முனகியது. மஞ்சள் கோடு நீலமாகியிருந்தது. பெரியவள் புது டயபரை எடுத்தாள். கை குணமானாலும் இடக்கையின் கடைசி இரண்டு விரல்கள் செத்துப்போயிருந்தன, அவற்றுக்குப் பிடிப்பில்லை. ஒரு பக்கம் வலக்கையால் ஒட்டினாள். மறுபக்கத்தைப் பல்லால் கவ்வி இழுத்துக் கன்னத்தால் அழுத்தி ஒட்டினாள். அதற்குள் பிள்ளை காலை உதறி முதல் பக்கத்தைப் பிய்த்துவிட்டது. மறுபடி ஆரம்பித்தாள். அதிகாரி கிட்டே வந்து பிள்ளையின் இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ஒட்டி முடித்து, தொடைச் சுருக்கத்தை வெளியே இழுத்துவிட்டு, இடுப்பில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெரியவள் நிமிர்ந்தாள். அதிகாரி சிரிக்கவும் இல்லை, பாராட்டவும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதலில் கொஞ்ச காலத்துக்கு என்று கோர்ட் பிள்ளையை அவளிடம் விட்டது. அப்புறம் நிரந்தரமாகவே விட்டது.

இடக்கையால் கோழியைப் பிடிக்க முடியாததால் முழங்கையால் அமுக்கிக்கொண்டு வெட்டப் பழகினாள். எலும்பு இப்போது சிதறுகிறது. வாடிக்கை கொஞ்சம் குறைந்தது. மளிகைக்காரர் மட்டும் பழி பாவத்துக்குப் பயந்தவர் போல விடாமல் வாங்கினார்.

பிள்ளை வளர்ந்து, டயபரெல்லாம் ஓய்ந்து, பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பித்தது. ஒரு நாள் டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். பிள்ளை ஒரு பையனை மரக்கட்டையால் மண்டையில் போட்டுவிட்டதாம். பையனுக்குப் புடைத்திருந்தது. பெரியவள் அவன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டாள். வாழ்க்கையில் அவள் கேட்ட முதல் மன்னிப்பு அதுவாகத்தான் இருக்கும். பிறகு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் நின்று, குனிந்து, அதன் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்தாள்.

"யாருடி முதல்ல அடிச்சது?"

"நான்தான் பெரிம்மா."

"அவன் உன்ன ஒண்ணும் பண்ணலையா?"

"சிரிச்சான்."

"சிரிச்சதுக்கு அடிச்சியா?"

பிள்ளை ஆமாம் என்று தலையாட்டியது. பெரியவளின் வலக்கை தானாக உயர்ந்தது. அது அவளுக்கே தெரிந்தது, பிள்ளைக்கும் தெரிந்தது. பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. அந்த மூடிய கண்களைப் பார்த்துக்கொண்டு பெரியவள் நடுத்தெருவில் வெகுநேரம் அப்படியே இருந்தாள். ஒரு சைக்கிள்காரர் மணியடித்து ஒதுங்கிப் போனார். கையை மெதுவாக இறக்கி, பிள்ளையின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள்.

"கண்ணத் தொற. நான் அடிக்கல."

பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

"நாளைக்கு அவன்கிட்ட போய், தப்பு என் மேலன்னு சொல்லணும். சொல்லுவியா?"

"அவன் திருப்பி அடிச்சா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். தெரிந்த பதில் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லாமல் விழுங்கினாள்.

"டீச்சர்கிட்ட சொல்லு" என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்ததுதானா என்று அவளுக்கே நம்பிக்கை வராமல், பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கடையைப் பார்த்து நடந்தாள்.